நாடா வெட்டாத கம்பம்

மனித வரலாற்றில் சக்கரம் இரண்டு தடவை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் தடவை கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. அவர் நினைவுக்கல் வைக்கவில்லை. இரண்டாம் தடவை அதைக் கண்டுபிடித்தது யாழ்ப்பாணத்தில் இயங்கும் வடபுலப் பசுமைச் சக்கர அதிகாரசபை. "புகையின் யுகம் இன்றோடு முடிந்தது" என்று அதன் தலைவர் கலாநிதி நோர்மன் அருளையா தொடக்க விழாவில் அறிவித்தார். அவர் பேசி முடிக்கும் வரைக்கும், ஏசிக் குளிர் இறங்கிவிடாதபடி, அவருடைய டீசல் வான் மண்டப வாசலில் ஸ்ராட்டிலேயே நின்று புகைத்துக்கொண்டிருந்தது.

சபையின் முதல் திட்டம் எளிமையானது. பழைய டீசல் லொறியைக் கொடுத்தால் புதிய மின்சார லொறி கிடைக்கும். குருநகர் லெனாட் கொடுத்தார். கொடுத்தவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருடைய டீசல் லொறிக்கு நெற்றியில் அந்தோனியார் படமும் பின்பக்கத்தில் போகாத மீன் நாற்றமும் இருந்தன. காலையில் கரையில் மீன் ஏற்றினால் சண்டிலிப்பாய், தெல்லிப்பழை, அச்சுவேலி என்று சந்தை சந்தையாக இறக்கிவிட்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் நிற்கும். சபை அதை வாங்கி, அச்சுவேலியில் வாடகைக்கு எடுத்த வளவொன்றில் நிறுத்தி, 'இருண்ட காலத்தின் எச்சம்' என்று ஒரு பலகை நட்டது.

மின்சார லொறியில் குறை சொல்ல முடியாது. சத்தமில்லை, புகையில்லை, சொன்ன பேச்சுக் கேட்டது. கரண்ட் மட்டும் வேண்டும்.

"வீட்டிலை ஏத்தலாமோ சேர்?" என்று லெனாட் கேட்டார். கேட்டது சபையின் பயண சௌகரிய அலுவலர் கஜானனிடம். மின்னேற்றத்துக்கும் பொறுப்பு அவரேதான்.

"ஏலவே ஏலாது. வீட்டுக் கரண்ட் எங்கையிருந்து வருதெண்டு ஆருக்குத் தெரியும்? நிலக்கரியாயும் இருக்கலாம். எங்கடை கம்பத்துக்கு வாறது பசுமைக் கரண்ட்."

"ரெண்டும் ஒரே வயரிலைதானே சேர் வருது?"

"ஆனால் எங்கடை கம்பம் பச்சை" என்றார் கஜானன்.

மின்னேற்றும் பச்சைக் கம்பங்கள் குடாநாட்டில் இரண்டு இருந்தன. சண்டிலிப்பாய்க் கம்பம் மூன்று தரம் திறந்து வைக்கப்பட்டது. முதல் திறப்பின் படத்தில் தலைவர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவதில் நாடாவை வெட்ட எடுத்த கத்தரிக்கோல் மொட்டை. தெல்லிப்பழைக் கம்பம் ஒரு தரமும் திறக்கப்படவில்லை. அதற்கு எல்லாம் இருந்தது. கரண்ட் இருந்தது, வயர் இருந்தது, கூரை இருந்தது, பிரதம அதிதியின் பெயரும் திகதியும் வெட்டிய கருங்கல் இருந்தது, குறுக்கே சிவப்பு நாடா இருந்தது. ஆனால் திறப்பு விழாவன்று பிரதம அதிதிக்குத் தடிமன், ஓயாத தும்மல். கல்லில் வெட்டிய திகதி போய்விட்டது. அந்தத் திகதி மறுபடி வரும்வரை காத்திருப்பதென்று சபை தீர்மானித்தது. கல்லில் ஆண்டும் வெட்டப்பட்டிருந்ததால், அந்த ஆண்டு மறுபடி வருமா என்பதை ஒரு உபகுழு ஆராய்ந்து வந்தது.

ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கறி சாப்பிட்ட ஊர்கள் மீனுக்குக் காத்திருக்கும் நாள். லெனாட் நண்டும் பாரையும் விளைமீனும் ஏற்றிக்கொண்டு போய்த் தெல்லிப்பழைக் கம்பத்தடியில் நின்றார். மின்கலத்தில் ஒன்றுமில்லை. முந்தின நாள் சண்டிலிப்பாய்க் கம்பத்துக்கு வாராந்த ஓய்வு.

காவலாளி செபநாயகம் கதிரையை விட்டு எழும்பி வந்தார். "அண்ணை, இது இன்னும் திறக்கேல்லை."

"கரண்ட் இருக்கோ?"

"கரண்ட் நல்லா இருக்கு."

"பேந்தென்ன?"

"நாடா வெட்டேல்லை."

"நாடாவுக்குக் கீழாலை வயரை இழுத்தால் என்ன?"

செபநாயகத்தின் முகம் இருண்டது. "போன மாசம் ஒரு பிள்ளைத்தாச்சி ரீச்சர், ஸ்கூட்டி நிண்டுபோச்செண்டு அழுதவ. கீழாலைதான் இழுத்துக் குடுத்தனான். தலைவர் வந்து, எல்லாருக்கும் முன்னாலை என்னை அந்த நாடாவுக்கு மன்னிப்புக் கேக்க வைச்சவர். நாடாவைப் பாத்துக் கைகூப்பிச் சொல்லவேணும் எண்டு. என்ரை பிள்ளையள் அந்தப் படத்தைப் போனிலை பாத்ததுகள்."

ஐஸ் உருகி லொறிக்குக் கீழே ஒழுகத் தொடங்கியது. நண்டுகள் ஒவ்வொன்றாக அசைவதை நிறுத்தின. பின்னேரம் லெனாட் பாரையை நாய்களுக்குப் போட்டார். நாய்களும் யோசித்துத்தான் தின்றன.

திங்கட்கிழமை அவர் சபைக்குப் போனார். மனைவி மேர்சியும் கூடப் போனாள். லெனாட் ஒரு விஷயத்தை மூன்று தரம் யோசித்து ஒரு தரமும் சொல்லாத ஆள். மேர்சி அப்படியல்ல.

தலைவர் வரவேற்றார். வீட்டில் உப்புக் கேட்பதற்கும் மேடைத் தமிழ்தான் பாவிப்பவர் என்று அவரைப் பற்றி அலுவலகத்தில் சொல்வார்கள். "வாருங்கள், பயனாளிப் பெருமக்களே. தங்கள் மனக்குறை யாது?"

லெனாட் மீன் போன கதையைச் சொன்னார். பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று, முதுகைப் பற்றியும் சொன்னார். "வெறும் லொறியா வரேக்கை குலுக்கிற குலுக்கிலை நாரி கழண்டு போகுது சேர். சுமை இருந்தால் பரவாயில்லை. இல்லாட்டி ஆளைத் தூக்கித் தூக்கிக் குத்துது."

தலைவர் கஜானனைப் பார்த்தார். கஜானன் எழுந்து நின்றார். "அது சாத்தியமில்லை. பயண சௌகரியம் பத்துக்கு ஒன்பது தசம் எட்டு. நானே இருந்து பாத்து அளந்தனான்."

"எந்த றோட்டிலை சேர்?" என்று மேர்சி கேட்டாள்.

"கொழும்பிலை. காட்சியறையிலை."

"ஓட்டிப் பாத்தோ?"

"ஓட்டினால் மின்கலம் இறங்கும். நிக்கேக்கை அளந்தது. ஏசி கொஞ்சம் கூடுதலாக் குளிர்ந்தது. அதுக்குத்தான் தசம் ரெண்டு குறைச்சனான்."

தலைவர் கையை உயர்த்தினார். அது பேச்சு தொடங்குவதற்கான அடையாளம். "அம்மணி, மீன் இன்று அழுகும், நாளை கடல் வேறு மீன் தரும். ஆனால் ஒரு திறப்பு விழாவின் கண்ணியம் அழுகினால் எந்தக் கடல் தரும்? நாடா என்பது துணியல்ல. அது நிர்வாகம். நாளை நானே பசியோடும் தாகத்தோடும் அந்தக் கம்பத்தடியில் வந்து நின்று கெஞ்சினாலும், காவலாளி என்னைத் தடுக்க வேண்டும். தடுப்பார். அவரை நான் அப்படிப் பயிற்றுவித்திருக்கிறேன்."

"அப்ப என்ரை பழைய லொறியைத் தாங்கோ சேர்" என்றார் லெனாட். அவர் வந்தது இதற்குத்தான். "புதுசையும் வைச்சிருங்கோ. எனக்குத் தொழில் செய்யவேணும்."

தலைவர் இரக்கத்தோடு அவரைப் பார்த்தார். "இப்போது நோய் புரிகிறது. தங்கள் உடல் பசுமை லொறியில், உள்ளம் டீசல் லொறியில். அந்த லொறி இருக்கும்வரை தாங்கள் முன்னேற மாட்டீர்கள். ஆகவே, தங்கள் நன்மைக்காகவே, அதை நொறுக்குவோம்."

வரும் சனிக்கிழமை. குருநகரிலிருந்து அச்சுவேலி வரை 'சொகுசுப் பசுமைப் பவனி'. தலைவர் லெனாட்டின் மின்சார லொறியிலேயே மக்களுக்குக் கையசைத்தபடி செல்வார். அச்சுவேலி வளவில் கொழும்பிலிருந்து வரும் பிரதம அதிதி கொடியசைக்க, ஜேசிபி இயந்திரம் இருண்ட காலத்தின் எச்சத்தை நசுக்கும். லெனாட் நன்றியுரை சொல்ல வேண்டும்.

வெளியே வந்ததும் லெனாட் மதிலோடு சாய்ந்து நின்றார். "நான் கேட்டிருக்கக் கூடாது மேர்சி."

"கேட்டது சரி. கேட்ட இடந்தான் பிழை." அவள் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "இனி ஒண்டும் கேக்காதேங்கோ. அவை சொல்லுறதெல்லாத்தையும் செய்வம். ஒண்டும் விடாமல்."

பவனிக்குச் சபை விதித்தவை பல. லொறியில் மீன் ஏற்றக்கூடாது, ஒரு பெட்டிகூட. பவனியை முன்னிட்டு சண்டிலிப்பாய்க் கம்பத்துக்கு மறுபடி பச்சை பூசப்படும். பூச்சுக் காயும்வரை எவரும் தொடக்கூடாது. லொறியைச் சுற்றி வர்ண விளக்குகள் எரிய வேண்டும். நாலு ஒலிபெருக்கிகளில் தலைவரின் பதிவு செய்த உரை ஒலிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கரண்ட் லொறியின் மின்கலத்திலிருந்து.

வெள்ளிக்கிழமை மாலை மேர்சி கணவனிடம் சொன்னாள்: "அச்சுவேலி போகக் கரண்ட் காணாதெண்டு நாளைக்கு அவையிட்டை ஒருக்கால் சொல்லுங்கோ. பிறகு ஒருதரும் எங்களைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் ரெண்டாந்தரம் சொல்லாதேங்கோ."

லெனாட் விடிய ஒருக்கால் சொன்னார்.

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்கை காணாது கீணாது எண்டு வாயாலை சொல்லாதையும்" என்றார் கஜானன்.

தலைவருக்கென்று கல்யாண மண்டபமொன்றிலிருந்து மணவறைக் கதிரை வந்தது. சிவப்பு வெல்வெட், தங்கக் கால். உட்காருமிடம் பார்க்க மெத்தை, தொட்டால் பலகை. அதை லொறியின் திறந்த பின்தட்டில் வைத்தார்கள். கதிரை அசையக் கூடாதென்று கஜானன் பதறினார்.

"நான் கட்டுறன் சேர்" என்றாள் மேர்சி. நைலோன் கயிறு கொண்டு வந்தாள். படகை நங்கூரத்தோடு கட்டுவது போல நாலு காலையும் கட்டினாள். பிறகு தலைவர் ஏறி அமர்ந்தார். அவருக்கு மாலை போட்டார்கள்.

"பயணிக்கு ஆசனப் பட்டி போடவேணும் எண்டு சபையிலை ஒரு விதி இருக்கெல்லோ சேர்?" என்று மேர்சி கேட்டாள்.

"இருக்கிறது. நானே எழுதியது" என்றார் தலைவர் பெருமையோடு.

மேர்சி அவரையும் கட்டினாள். குருநகர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். மாலை கயிற்றை மறைத்தது. பூத்தூவுவதற்குப் பயனாளிக் குடும்பத்தின் சார்பில் அவளும் பின்தட்டில் ஏறினாள். வரும்போது பழைய வலையொன்றைச் சுருட்டி எடுத்து வந்து, அதன் மேல் சௌகரியமாக இருந்துகொண்டாள்.

கஜானன் லெனாட்டுக்குப் பக்கத்தில் ஏறினார். தனக்கு வீட்டிலிருந்து ஒரு தலையணை கொண்டு வந்திருந்தார். பின்னால் ஒரு வான் நிறையப் பத்திரிகைக்காரர்கள்.

"எந்தப் பாதையாலை சேர்?" என்று லெனாட் கேட்டார்.

"சபை 'சொகுசு வீதி' எண்டு சான்றுப்படுத்தின பாதையாலை. பிரதம அதிதி பாத்துக்கொண்டு நிக்கிறார். வேகமா விடும்."

சபை சான்றுப்படுத்திய வீதிகள் எல்லாம் தோட்டங்களுக்கு நடுவே போகிறவை. படத்தில் பச்சை நிறையத் தெரியும் என்பதால் தெரிவு செய்யப்பட்டவை. சண்டிலிப்பாய் தாண்டும்வரை தலைவர் கையசைத்தார். புகையிலைத் தோட்டத்தில் நின்றவர்கள், யாருக்கோ கல்யாணம், மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டு திருப்பிக் கையசைத்தார்கள். பிறகு வீதி குழிவிழுந்து முதலாவது கிடங்கு வந்தது.

லொறி இறங்கியது. தலைவர் இறங்கவில்லை. லொறி ஏறியபோது தலைவர் இறங்கினார். இருவரும் பாதிவழியில் சந்தித்தார்கள். கட்டியிருந்த கயிறு அவரைத் தேவைக்கு மேல் உயர விடவில்லை; கதிரைக்கு வெளியே விழவும் விடவில்லை. ஒவ்வொரு கிடங்குக்கும் சரியாக அதே இடத்தில் கொண்டுவந்து குத்தியது.

"ஆ" என்றார் தலைவர். அது மேடைத் தமிழில் இல்லை.

மேர்சி பூத்தூவினாள்.

"அம்மணி, வாகனத்தைச் சற்று..." இரண்டாவது கிடங்கு. "தங்கச்சி, மெதுவாப் போகச் சொல்லுங்கோ!" மூன்றாவது. "எடியே, நிப்பாட்டச் சொல்லடி! ஐயோ, என்ரை அம்மா!"

"கேக்கேல்லை சேர். உங்கடை பேச்சு நல்லாப் போகுது."

உண்மைதான். நாலு ஒலிபெருக்கியிலும் தலைவரின் குரல் முழங்கிக்கொண்டிருந்தது: "நாம் நிற்கப் போவதில்லை! எத்தனை தடை வந்தாலும் நாம் ஒருபோதும் நிற்கப் போவதில்லை!"

"நிப்பாட்டடா!" என்றார் தலைவர்.

"முன்னேறுவோம்! இன்னும் வேகமாக முன்னேறுவோம்!" என்றார் தலைவர்.

பத்திரிகைக்காரர்கள் வானுக்குள்ளிருந்து படமெடுத்தார்கள். கமராவைக் கண்டதும் அவர் சிரித்தார். பல்லைக் கடித்தால் சிரிப்பது போல இருக்கும் முகவாகு அவருக்கு. முன்னால் இருந்த கஜானன் பின்கண்ணாடியால் பார்த்து, தலைவர் மிக மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று லெனாட்டிடம் சொன்னார். மேர்சியின் பூத்தட்டில் பூ முடிந்தது. அவள் தட்டில் ஒட்டியிருந்த இதழ்களைச் சுரண்டி எடுத்துத் தூவினாள். செத்துப்போன ஒவ்வொரு நண்டுக்கும் ஒவ்வொன்று.

தெல்லிப்பழையில், கம்பத்துக்கு நேரே, பேச்சு இழுபட்டது. விளக்குகள் மங்கின. "முன்னே...று...வோ..." என்று தலைவரின் குரல் தடித்துக் கரகரத்து நின்றது. லொறியும் நின்றது.

முடிச்சை அவிழ்க்க நேரம் எடுத்தது, மேர்சி அவசரப்படவில்லை. தலைவர் கால்களை அகட்டி வைத்து, மெல்ல மெல்ல நடந்து கம்பத்தடிக்கு வந்தார். அச்சுவேலியில் பிரதம அதிதி வெயிலில் நிற்கிறார். வயர் கண்முன்னே தொங்குகிறது.

"செபநாயகம், மின்னேற்றவும்."

"திறக்கேல்லை சேர்."

"நான் தலைவர்."

"ஓம் சேர். நீங்கள் வந்து கெஞ்சினாலும் தடுக்கச் சொன்னது நீங்கள்தான். நான் தடுக்கிறன்." செபநாயகம் கைகளை விரித்து நாடாவுக்கு முன்னால் நின்றார். பத்திரிகைக்காரர்கள் கிட்ட வந்தார்கள். "நீங்கள் இன்னும் கெஞ்சேல்லை சேர்" என்றும் அவர் நினைவூட்டினார்.

தலைவர் பிரதம அதிதிக்குப் போன் எடுத்தார். "ஐயா, தாங்கள் ஒரு பத்து நிமிடம் இங்கே எழுந்தருளி இந்த நாடாவை..." மறுமுனையில் குரல் பெரிது, எல்லோருக்கும் கேட்டது. "அந்தக் கல்லிலை ஆரின்ரை பேர் கிடக்கு? எனக்கு முன்னம் இந்தப் பதவியிலை இருந்தவன்ரை பேரெல்லோ? அவன்ரை கல்லுக்கு நான் வந்து நாடா வெட்டுறதோ? நல்லாயிருக்கு உம்மடை மரியாதை. கெதியா வாரும். இல்லாட்டி நான் போறன்."

அந்த வழியே கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரக்காரர் நிறுத்தி, "கட்டி இழுக்கவோ ஐயா?" என்று கேட்டார். கமராக்கள் திரும்பின. தலைவர் வேண்டாமென்று தலையாட்டினார். பசுமைப் பவனியைக் கத்தரிக்காய் இழுத்த படம் கொழும்புக்குப் போகக்கூடாது.

"உங்கடை அச்சுவேலி வளவிலை ஒரு லொறி நிக்குதெல்லோ சேர்" என்றாள் மேர்சி. "சபையின்ரை லொறி எண்டால் வெக்கமில்லை. உடைக்கிறதுக்கு முதல் ஒருக்கால் இழுக்கட்டும்."

தலைவர் அவளை நன்றியோடு பார்த்தார். கஜானன் வளவுக்குப் போன் எடுத்தார். ஜேசிபி ஓட்டும் சுபாஸ் அங்கே சும்மா நின்றான். லொறி முதல் முறுக்கிலேயே ஸ்ராட் ஆகிவிட்டதாகச் சொன்னான். ஆனால் வாசலில் நிற்பவர் வெளியே விடவில்லை. சபையின் பெயரில் டீசல் வாகனம் எதுவும் வீதியில் ஓடக்கூடாதென்று தலைவரின் கட்டளை. தலைவரின் வான் சபைக்குச் சொந்தமில்லை, வாடகை. ஆகவே லொறி வெளியே வரவேண்டுமானால் அது சபையின் லொறியாக இருக்கக்கூடாது.

"அப்ப ஆரின்ரை லொறியா இருக்கவேணும்?" என்று கஜானன் கேட்டார்.

எல்லோரும் லெனாட்டைப் பார்த்தார்கள். லெனாட் எல்லோரையும் பார்த்தார். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"எழுதித் தாங்கோ சேர்" என்றாள் மேர்சி. "திருப்பிக் குடுத்தாச்சு, இனிச் சபைக்கு ஒரு பாத்தியதையும் இல்லை எண்டு. இழுக்கிறது எங்கடை உபகாரம்."

போன் மறுபடி அடித்தது. பிரதம அதிதி. தலைவர் எடுக்கவில்லை. பவனியின் அழைப்பிதழைத் திருப்பிப் பிடித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் மேர்சி சொன்னபடியே எழுதி, கருங்கல்லின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார். செபநாயகம் சாட்சிக் கையெழுத்து வைத்தார். மிக அழகான எழுத்து. கஜானன் அதைப் போனில் படமெடுத்து வளவு வாசலுக்கு அனுப்பினார்.

சுபாஸ் ஓட்ட, நெற்றியில் அந்தோனியாரோடு டீசல் லொறி புகை கக்கிக்கொண்டு வந்தது. லெனாட் அதன் கதவைத் திறந்து ஏறி, ஸ்ரேரிங்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேர்சியைப் பார்த்து, "இதை இனி உடைக்க மாட்டினமோ?" என்று கேட்டார்.

"ஆரின்ரை லொறியை ஆர் உடைக்கிறது?" என்று மேர்சி ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பசுமை லொறியை இழுத்து வந்து சேர்த்தபோது, அச்சுவேலியில் நொறுக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பிரதம அதிதி கொண்டுவந்த கொடியை அசைத்தார். சுபாஸ் ஜேசிபியால் 'இருண்ட காலத்தின் எச்சம்' என்ற பலகையை நசுக்கினான். கைதட்டினார்கள். ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, அதிதியுரை எல்லாம் நடந்தன. நன்றியுரைக்கு லெனாட்டைக் கூப்பிட்டபோது அவர் அங்கே இல்லை. குருநகருக்கு மீன் ஏற்றப் போய்விட்டார்.

விழா முழுவதும் தலைவர் மேடையில் நின்றபடியே இருந்தார். அதிதிகள் எத்தனை தரம் கேட்டும் கதிரையை மறுத்துவிட்டார். "மக்கள் மீது கொண்ட மரியாதையால் மூன்று மணிநேரம் எழுந்து நின்ற தலைவர்" என்று அடுத்த நாள் பத்திரிகையில் படத்தோடு வந்தது. படத்தை அவர் சட்டகமிட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

அவரால் உட்கார முடியவில்லை.